மாசி, பங்குனியில் குளத்து வாத்தையும் உள்ளானையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? (கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம்)

சூலூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சூலூர் குளத்துலயும் சிங்காநல்லூர் குளத்துலயும் பறவை பார்க்கறேன். கையில 8×42 பைனாகுலர் இருக்கு, டெலஸ்கோப் கிடையாது. நாமக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா, சங்குவளை நாரை, நீர்க்காகம் எல்லாம் பார்த்ததும் தெரிஞ்சுடுது. சிக்கல் மூணு இடத்துல.

ஒண்ணு, பழுப்பு வாத்து. ஆணை நிறத்தை வெச்சுச் சொல்லிடலாம். பொட்டை எல்லாமே ஒரே பழுப்பு. நீலச்சிறகியா, கிளுவையா, தட்டைவாயனா, ஊசிவால் வாத்தா, ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது.

ரெண்டாவது, சேத்துல ஓடற சின்ன உள்ளான். புத்தகத்துல பக்கம் பக்கமா வகை போட்டிருக்கு. நேர்ல பார்த்தா எல்லாம் அண்ணன் தம்பியாட்டம் இருக்குது.

மூணாவது, எண்ணிக்கை. கூட்டமா மிதக்கறதை எப்படி எண்ணறது, பறவைப் பட்டியல் ஏத்தற இ-பேர்ட் தளத்துல என்னன்னு போடறது?

மாசி பாதி ஆயிடுச்சு. வலசை வந்தது இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும், எந்தக் குளத்துக்கு எந்நேரம் போனா நல்லதுன்னும் சொன்னீங்கன்னா உபகாரமா இருக்கும்.

நீர்க்கோழி:

பழுப்பு வாத்தைப் பழகறதுக்கு இதைவிட நல்ல மாசம் கிடையாதுங்க. ஐப்பசி, கார்த்திகையில வந்து இறங்கறப்ப நீலச்சிறகி ஆணும் பொட்டையாட்டமே பழுப்பாத்தான் இருக்கும். தை, மாசியிலதான் ஆணுக்கு முழு நிறம் ஏறும். அதோட நிறைய வாத்து இங்கிருக்கறப்பவே ஜோடி சேர்ந்துடும். ஆணோட ஒட்டியே நீந்தற பொட்டை பெரும்பாலும் அதே இனம்தான். ஆனா அதை ஆரம்பத் துப்பா மட்டும் வெச்சுக்கோங்க, முடிவா எடுத்துக்காதீங்க.

நிறத்தை மறந்துடுங்க. அலகு, முகம், உடம்பு வாக்கு, கடைசியா றெக்கை. இந்த வரிசையிலயே பாருங்க.

தட்டைவாயன் அலகுலயே முடிஞ்சு போகும். தலையை விட நீளம், நுனி கரண்டியாட்டம் அகலம், பொட்டைக்கு ஓரத்துல ஆரஞ்சு ஓடும். தூங்கறப்ப அலகை முதுகுல சொருகி வெச்சிருந்தா மட்டும் குழப்பும். மேயறப்ப நாலஞ்சு சேர்ந்து அலகைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு வட்டமடிச்சுச் சுத்துச்சுன்னா, தூரத்துல இருந்தே தட்டைவாயன்னு எழுதிக்கலாம்.

ஊசிவால் வாத்துப் பொட்டைக்கு முகத்துல கோடு எதுவும் இருக்காது, வெறும் பழுப்பு. கழுத்து மெலிசு, அலகு ஈயச் சாம்பல், வால் கூர். பக்கத்துல இருக்கற நீலச்சிறகியை விட நல்லாவே பெருசா தெரியும்.

நீலச்சிறகியோட முகம் கோடு போட்ட முகம். கண்ணுக்கு மேல வெளிர் புருவம், கண்ணு வழியா ஒரு கருங்கோடு, அதுக்குக் கீழ வெளிர் பட்டை, மறுபடி கன்னத்துல ஒரு கருங்கோடு. அலகு தொடங்கற இடத்துல வெள்ளையா ஒரு பொட்டு, தொண்டையும் வெள்ளை. அலகு முழுக்கச் சாம்பல், துளி ஆரஞ்சு இருக்காது.

கிளுவைக்கு முகம் சாது. கண்ணு வழியா ஓடற கோடு ஒண்ணுதான் தெளிவாத் தெரியும். பொட்டையோட அலகு அடியில கொஞ்சம் ஆரஞ்சு இருக்கும். வாலுக்குப் பக்கவாட்டுல வெளிர் கீத்து ஒண்ணு ஓடும். முகம் சரியாத் தெரியாதப்ப அந்தக் கீத்தைத்தான் தேடணும். நம்ம பக்கம் நீலச்சிறகிதான் கூட்டங்கூட்டமா வரும், கிளுவை அதுக்குள்ள ஒண்ணு ரெண்டுதான். அதனால கிளுவைன்னு போடறதுக்கு முன்னாடி அலகடியும் வால் கீத்தும் ரெண்டும் பார்த்தாச்சான்னு கேட்டுக்கோங்க.

பறக்கறப்ப நீலச்சிறகி ஆணுக்கு முன்றெக்கை வெளிர் நீலச்சாம்பல். இங்கதான் நிறையப் பேரு சறுக்கறது. தட்டைவாயன் ஆணுக்கும் முன்றெக்கை நீலம்தான். நீலத்தை மட்டும் பார்த்துட்டுப் பேரு வெக்கக்கூடாது, அலகையும் சேர்த்துப் பாருங்க. கிளுவைக்கு அந்த நீலம் கிடையாது. றெக்கையில பச்சைப் பட்டை, அதுக்கு முன்னால அகலமா ஒரு வெள்ளைக்கோடு.

நீங்க கேட்காத ரெண்டு வாத்தும் இருக்கு. அது வலசை கிடையாது, இங்கயே இருக்கறது. புள்ளிமூக்கு வாத்துல ஆணும் பொட்டையும் ஒண்ணாட்டமே இருக்கும். கறுப்பு அலகு, மஞ்சள் நுனி, அலகடியில சிவப்புப் பொட்டு, நீந்தறப்ப முதுகோரத்துல வெள்ளை. சீழ்க்கைச் சிறகி பகல்ல ஆகாயத்தாமரை ஓரத்துல கழுத்தை நீட்டிட்டு நிக்கும், பொழுதோட சீழ்க்கை அடிச்சுட்டு வயலுக்குக் கிளம்பும்.

இன்னொண்ணு. குளத்தோரத்து ஊர்கள்ல வளர்க்கற வாத்து மேயறதுக்குக் குளத்துல இறங்கும். கொழுத்த உடம்பு, கிட்டப் போனாலும் பறக்காதுன்னா அது வீட்டு வாத்து. அதை அபூர்வப் பறவைன்னு படம் போடறது வருஷா வருஷம் நடக்கற கூத்து.

கலிங்குமேடு:

வாத்து சமாச்சாரம் மேல வந்துடுச்சு. நான் எடத்தையும் வெளிச்சத்தையும் சொல்றேன். பழுப்பு வாத்துல பாதிக் குழப்பம் வாத்தால வர்றதில்லீங்க, சூரியனுக்கு எதிர்ல நின்னு பார்க்கறதால வர்றது.

நொய்யல் மேக்க இருந்து கெழக்க ஓடற ஆறு. அதை நம்பி வெட்டுன குளங்கள்ல கரை தாழ்ந்த பக்கம் இருக்கும், வாய்க்கால் மேட்டுப்பக்கம் வந்து விழும். அதனால பெரும்பாலும் காலையில கரைமேல நின்னீங்கன்னா வெயில் முதுகுல, பறவை மேல முழு வெளிச்சம். சாயந்திரம் அதே எடத்துல நின்னா கண்ணு கூசி எல்லாம் கருநிழல்தான். போறதுக்கு முந்தின நாள் மேப்ல கரை எந்தப் பக்கம், வாய்க்கால் எந்தப் பக்கம்னு பார்த்து வெச்சுக்கோங்க. கெழக்குக் கரைன்னா காலையில, மேக்குக் கரைன்னா பொழுதோட. ரெண்டும் இல்லாத கோணத்துல கரை இருந்தா, சூரியன் உங்க தோளுக்குப் பின்னால வர்ற வரைக்கும் கரையிலயே நடங்க.

மாசியில ஆறரை மணி வாக்குல பொழுது விடியும். ஏழுல இருந்து ஒம்போது வரைக்கும் நல்ல நேரம். அதுக்கு மேல தண்ணி மேல கானல் ஆட ஆரம்பிச்சுடும், எட்டு மடங்கு பெருசாக்கற கண்ணாடியில கானலும் எட்டு மடங்கு ஆடும். 10×50 வாங்கணும்னு சிலர் சொல்வாங்க. கையில பிடிச்சு நிக்கறதுக்கு 8×42 தான் தோது. காசு இருந்தா ஒரு டெலஸ்கோப்பும் ஸ்டாண்டும் சேருங்க, இன்னொரு பைனாகுலர் வேண்டாம். ஜூம் பைனாகுலரை மட்டும் தொட்டுடாதீங்க. ஜூம் ஏத்த ஏத்தப் பார்வை சுருங்கி, படம் இருண்டு போயிடும்.

குளத்துல எந்த மூலைக்குப் போறதுங்கறது பறவையைப் பொறுத்தது. மதகு இருக்கற பக்கம் ஆழம். அங்க கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, நாமக்கோழி. வாய்க்கால் விழற பக்கம் மேடு, மாசிக்கப்புறம் தண்ணி பின்வாங்கறப்ப சேறு முதல்ல அங்கதான் தெரியும். உள்ளான், நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் அங்கதான்.

கோவைக்குள்ள இருக்கற குளங்கள்ல ஒரு விவகாரம் இருக்கு. வருஷம் முழுக்கக் கழிவுத்தண்ணி வந்துட்டே இருக்கறதால நீர்மட்டம் எறங்காது. வாத்துக்கும் நாமக்கோழிக்கும் அது பரவாயில்லை, சேறு தேடற உள்ளானுக்கு எடமே இருக்காது. கரையைச் சுத்திக் கல்லு பதிச்ச குளத்துல இன்னும் மோசம், ஓரத்துல நிக்கறதுக்கே சரிவு கிடையாது. சிங்காநல்லூர் குளத்தை 2017ல நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம்னு மாநகராட்சி அறிவிச்சாங்க. மரமும் புதரும் அங்க நல்லா இருக்கு. ஆகாயத்தாமரை மூடுன வருஷத்துல வாத்து குறையும், நீலத்தாழைக்கோழி கூடும். போறதுக்கு முன்னாடி திறந்த தண்ணி எவ்வளவு இருக்குன்னு யாரையாவது கேட்டுக்கோங்க.

வாத்துக்குன்னே ஒரு நாள் ஒதுக்கறதா இருந்தா திருப்பூர் நஞ்சராயன் குளம். ஊத்துக்குளி ரோட்டுல சர்க்கார் பெரியபாளையத்துல இருக்கு. 2022ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024ல ராம்சார்ங்கற உலக முக்கிய ஈரநிலங்கள் பட்டியல்ல சேர்ந்துச்சு. வரித்தலை வாத்து வந்து போற குளம். ஈரோட்டுக்காரங்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கு, அது 2022ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்துச்சு. வெள்ளோட்டுல மரத்துமேல தங்கற பறவை அதிகம், உள்ளான் பார்க்க அங்க போகாதீங்க.

எப்பக் கிளம்பும்னு கேட்டீங்க. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் மாசி கடைசியிலயே கரைய ஆரம்பிச்சுடும். நீலச்சிறகி பங்குனி முழுக்க, சில வருஷம் சித்திரை வரைக்கும் தங்கும். உள்ளான் சித்திரை கடைசியிலயும் கண்ணுல படும். ஒரே நாள்ல எல்லாம் காலி ஆகாது. இந்த வாரம் குறைஞ்சது அடுத்த வாரம் திடீர்னு கூடும். தெக்க இருந்து கிளம்புனது நம்ம குளத்துல ரெண்டு நாள் தங்கிட்டுப் போகும்ங்க, அதான் காரணம்.

பொரியுள்ளான்:

சின்ன உள்ளானுக்கு ஒரு வழி. எல்லாத்தையும் பிரிக்கப் பார்க்காதீங்க. நம்ம குளங்கள்ல தினமும் பார்க்கறது மூணுதான். அந்த மூணும் கைவசம் ஆயிட்டா, மிச்சம் தானா வேறயாத் தெரியும்.

பொரி உள்ளான்: முதுகு முழுக்க வெள்ளைப் பொரி தூவுனாப்பல இருக்கும். வெளிர் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால வரைக்கும் ஓடும். கால் மஞ்சள் கலந்த பச்சை. கூட்டமா இருக்கும்.

பச்சை உள்ளான்: முதுகு கருத்து இருக்கும், பொரி பொடிசு. புருவம் கண்ணோடயே நின்னுடும். பெரும்பாலும் தனி ஆள், வாய்க்கால் முக்கு, சாக்கடை ஓரம். கிளப்பி விட்டீங்கன்னா வாலடி பளீர்னு வெள்ளை, றெக்கை அடிப்பக்கம் கறுப்பு. பொரி உள்ளானுக்கும் வாலடி வெள்ளைதான், ஆனா றெக்கையடி வெளிர். பறக்கறப்ப அடியைப் பார்க்கறதுதான் உறுதி.

காமன் சாண்ட்பைப்பர்னு சொல்ற சாதா உள்ளான்: தோள்முனைக்கு முன்னால நெஞ்சு வெள்ளை ஒரு ஆப்பு மாதிரி மேல ஏறி நிக்கும். இது ஒண்ணே போதும். பின்பக்கத்தை ஓயாம ஆட்டிட்டே இருக்கும். சேத்தை விடக் கல்லுக்கரையிலயும் மதகுச் செவுத்துலயும் நிக்கும். பறக்கறப்ப தண்ணியை ஒட்டி, றெக்கையை விறைப்பா வெச்சு வெட்டி வெட்டிப் போகும். கல்லு பதிச்ச கோவைக் குளத்துல மிஞ்சற உள்ளான் இதுதான்.

இதைத் தாண்டி உயரமா, கால் நீளமா ஒண்ணு நின்னா அலகைப் பாருங்க. ஊசியாட்டம் நேரா இருந்தா சதுப்பு உள்ளான். அலகு தடியா, நுனி லேசா மேல வளைஞ்சு, ஆளும் பெருசா இருந்தா பச்சைக்கால் உள்ளான். ஆள் பெருசு, தலை மட்டும் சின்னதா பொருந்தாம இருந்தா பேதை உள்ளான்.

கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதே அளவுல கால் மஞ்சளா இருந்து, பதுங்கிப் பதுங்கி நடந்தா அது டெம்மிங்க் கொசு உள்ளான். ஒரு எச்சரிக்கை: சேறு அப்புன மஞ்சள் காலும் கறுப்பாத்தான் தெரியும். தண்ணியில இறங்கி ஏறுற வரைக்கும் காத்திருங்க.

ஸ்னைப்னு சொல்ற விசிறிவால் உள்ளானும் ஊசிவால் உள்ளானும் உட்கார்ந்திருக்கறப்பப் பிரிக்கணும்னு மெனக்கெடாதீங்க. எந்திரிச்சுப் பறக்கறப்ப றெக்கையோட பின்விளிம்பு வெள்ளையா இருந்தா விசிறிவால். படம் இல்லாம, விளிம்பும் பார்க்காம இருந்தா பொதுவா ஸ்னைப் இனம்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

சூலூர்க்காரன்:

ரொம்ப நன்றிங்ணா. ஒண்ணே ஒண்ணு. உருண்டைத் தலை, குட்டை அலகு, ஓடி ஓடி நிக்கற ஒரு சின்னப் பறவை. நெஞ்சுல கறுப்புப் பட்டை. பட்டாணி உப்புக்கொத்தின்னு நினைச்சேன். ஆனா ஒண்ணுல பட்டை முழுசா இருக்கு, இன்னொண்ணுல நடுவுல விட்டுப் போயிருக்கு. ரெண்டும் ஒண்ணா?

பொரியுள்ளான்:

கண்ணைப் பாருங்க. மஞ்சள் வளையம் கண்ணைச் சுத்தி இருந்தா பட்டாணி உப்புக்கொத்தி. நம்ம ஊர்லயே முட்டை வெக்கற பறவை, பங்குனியில வளையம் நல்லா தடிச்சு மின்னும். அதோட இளசுக்கும் பட்டை நடுவுல விட்டுப் போயிருக்கும், அதனால பட்டையை நம்பாதீங்க. கண் வளையம் இல்லாம, கால் கறுத்து, பட்டை ரெண்டு பக்கமும் திட்டா மட்டும் இருந்தா கெண்டிஷ் உப்புக்கொத்தி. பட்டாணிக்குக் கால் வெளிர் மஞ்சள், இல்லைன்னா ஊன் நிறம்.

கணக்குப்பிள்ளை:

எண்ணிக்கைக்கு வர்றேன்.

ஐம்பது வரைக்கும் ஒவ்வொண்ணா எண்ணுங்க. அதுக்கு மேல போனா பத்துப் பத்தா. முதல்ல பத்து வாத்தை நிஜமா எண்ணி, அந்தப் பத்து கண்ணாடியில எவ்வளவு அகலத்தை அடைக்குதுன்னு மனசுல பிடிச்சுக்கோங்க. அப்புறம் இடமிருந்து வலமா அதே அகலம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க. கூட்டம் ஒரே நெருக்கமா இருக்காது. ஓரத்துல கலைஞ்சும் நடுவுல நெருங்கியும் இருக்கும். ஓரத்துல எடுத்த அளவை நடுவுல போட்டா குறைச்சு எண்ணிடுவீங்க. புதுசா எண்ணறவங்க பெரிய கூட்டத்தை எப்பவும் குறைச்சுத்தான் சொல்வாங்க. அதனால நடுவுக்குத் தனியா ஒரு பத்து எடுத்துக்கோங்க. இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை. ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப் போனா அதைப் போடுங்க. ரொம்ப விலகுனா மூணாவது தடவை.

வகைவாரியா எண்ண நேரமில்லைன்னா, முதல்ல மொத்த வாத்தையும் எண்ணுங்க. அப்புறம் கூட்டத்துல அங்கங்க நாலு இடத்துல நூறு வாத்தைப் பார்த்து, அதுல நீலச்சிறகி எத்தனை, ஊசிவால் எத்தனைன்னு விகிதம் எடுத்துப் பிரிச்சுக்கலாம். ஒரே மூலையில எடுத்த விகிதம் தப்பாப் போகும். ஒவ்வொரு இனமும் தனித்தனிக் கும்பலா ஒதுங்கிக்கும்.

கூழைக்கடா, நாரை மாதிரி வெள்ளையா, பெருசா இருக்கறதை முதல்லயே எண்ணி முடிச்சுடுங்க. நாய் ஒண்ணு கரைமேல ஓடுனாப் போதும், பத்தும் பறந்து வேற மூலையில எறங்கிட்டு ரெண்டு தடவை கணக்குல வந்துடும். முக்குளிப்பானுக்கு நேர் எதிர். எண்ணறப்ப பாதி தண்ணிக்குள்ள இருக்கும். ஒரு பகுதியை அரை நிமிஷம் விடாமப் பார்த்து, மேல வந்ததுல அதிகபட்ச எண்ணிக்கையை எடுத்துக்கோங்க.

இ-பேர்ட்ல எண்ணுக்குப் பதிலா, பறவை இருந்துச்சு ஆனா எண்ணலைன்னு X எழுத்துப் போட வழி இருக்கு. போடாதீங்க. தோராயமா 300ன்னு போட்டாலும் அது பின்னாடி ஒருத்தருக்கு உதவும், X எண்ணிக்கைக்கு உதவாது. ஒரு குளத்துக்கு ஒரு பட்டியல். சூலூரையும் சிங்காநல்லூரையும் ஒரே பட்டியல்ல சேர்த்தா எந்தக் குளத்துல எதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். பதினஞ்சு நிமிஷத்துக்குக் குறையாம இருங்க. பார்த்த எல்லா இனத்தையும் போட்டேன்னு சொல்ற கேள்விக்கு ஆமான்னு சொல்ற மாதிரி காக்காயையும் புறாவையும் விடாமப் போடுங்க. அப்படி முழுசாப் போட்டாத்தான், பட்டியல்ல இல்லாத பறவை அன்னிக்கு இல்லைங்கறதும் ஒரு தகவலா மாறும்.

பங்குனிக்கு இது ரொம்ப முக்கியம். முதல் வரவை எல்லாரும் படம் பிடிச்சுப் போட்டுடறாங்க. கடைசியா எப்பப் போச்சுங்கறது பதிவாகறதே இல்லை, வாத்து போனதும் பார்க்கறவங்களும் போயிடறாங்க. பிப்ரவரி நடுவுல நாலு நாள் உலகம் முழுக்க நடக்கற கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு அப்போ நம்ம குளங்கள்ல பட்டியல் குவியும், மார்ச் கடைசியில வெறிச்சோடிக் கிடக்கும். சூலூர்க்காரர் வாரம் ஒரு தடவை, ஒரே கரையில, ஒரே நேரத்துக்குச் சித்திரை வரைக்கும் போட்டார்னா, நாலு குளம் சுத்தறதை விட அது பெருசு.

கலிங்குமேடு:

ஒரே குளம்ங்கறதை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். பங்குனியில பெரிய குளம் மட்டும் பார்த்தா உள்ளான் கணக்கு தப்பாப் போகும். ஊருக்கு வெளிய சின்னக் குட்டை வத்தற சமயத்துல, அரை ஏக்கர் சேத்துல பெரிய குளத்துல இல்லாத கூட்டம் நிக்கும். வாரக் கணக்குக்கு ஒரு குளம் வெச்சுக்கோங்க, வழியில இருக்கற குட்டையையும் எட்டிப் பார்த்துத் தனிப் பட்டியலாப் போடுங்க.

கணக்குப்பிள்ளை:

தனிப் பட்டியல்னா எனக்கு ஆட்சேபணை இல்லைங்க.

கொறங்காடு:

எல்லாரும் தண்ணியையே பார்த்துட்டு இருக்கீங்க. மாசி, பங்குனி மரத்துக்கும் புல்லுக்கும் உரிய மாசம்.

குளக்கரையில இலவமரமோ, புரசோ, கல்யாண முருங்கையோ பூத்திருந்தா அதுக்குக் கீழ இருபது நிமிஷம் நில்லுங்க. தேன் குடிக்க சூறைக்குருவி கூட்டமா வரும். சோளக்காட்டுல பார்க்கற அதே சோளக்குருவிதான். ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி ஆணோட முதுகு நல்ல ரோசாப்பூ நிறத்துக்கு வந்துடும். பொழுதோட குளத்து நாணல்லயும் கருவேலத்துலயும் அடையறதுக்கு வர்றப்பதான் எண்ண முடியும். அஞ்சே முக்காலுக்கே கரையில இருக்கணும்.

பூங்கான்னா கோவையில வேளாண்மைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பூங்காப் பக்கம் பாருங்க. மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான், பச்சைக் கதிர்க்குருவி எல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி இன்னும் சில வாரம் மரத்துல இருக்கும். வேலியில சக், சக்னு நாக்குச் சப்புக்கொட்டற சத்தம் மட்டும் வந்து ஆளே தெரியாம இருந்தா பிளைத் நாணல் கதிர்க்குருவி. கிளம்பற சமயத்துல அது பாடவும் ஆரம்பிக்கும்.

சத்தத்தைக் கேட்டுப் பறவை பேரு சொல்ற மெர்லின் செயலியைத் திறந்து வெச்சுட்டு அது சொன்னதையெல்லாம் பட்டியல்ல ஏத்தறது இப்ப ஒரு வியாதியாவே ஆயிடுச்சு. கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும், செயலியும் வல்லூறுன்னு எழுதும். அது சொன்னதைக் கண்ணாலயோ காதாலயோ நீங்க உறுதி பண்ணாம போடாதீங்க.

ஞாயித்துக்கிழமை காங்கேயம், தாராபுரம் பக்கம் போறீங்கன்னா கொழுக்கட்டைப்புல் நிக்கற கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) ஓரமா வண்டியை ஓரங்கட்டிட்டுப் பாருங்க. கிளுவைச்செடி வேலிக்கு (வாத்து இல்லீங்க, செடி) மேல தாழ்வா, றெக்கையை மேல தூக்குனாப்பல வெச்சு மிதந்து வர்றது பூனைப்பருந்து. பங்குனிக்குள்ள கிளம்பிடும். வேலி தாண்டாதீங்க, அது பட்டாக் காடு. ரோட்டுல நின்னாலே போதும், வண்டிக்குள்ள இருந்தே பார்த்தா இன்னும் கிட்ட வரும்.

வரப்புலயும் குளத்தோரப் புல்லுலயும் மஞ்சள் வாலாட்டியையும் விட்டுடாதீங்க. மார்கழியில எல்லாம் சாயம் போன துணி நிறத்துல இருக்கும். பங்குனியில ஆணோட தலை நிறம் ஏறி, சாம்பல் தலை, நீலச்சாம்பல் தலை, கறுப்புத் தலைன்னு ரகம் பிரிச்சு எழுதலாம். வருஷத்துல அந்தச் சில வாரம்தான் அது முடியும்.

சூலூர்க்காரன்:

எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேனுங்க. கடைசியா ஒரு சந்தேகம். வாய்க்கால் பக்கம் தண்ணி எறங்குன தரையில நடந்தா ஆள்காட்டி ரெண்டு தலைக்கு மேலயே சுத்திச் சுத்திக் கத்துது. சேத்தோரம் கிட்டப் போறதுக்கு வேற வழியில்லை. அப்படியே போகலாமா?

பொரியுள்ளான்:

போகாதீங்க. அந்தக் கத்தலுக்கு அர்த்தம் பக்கத்துல முட்டையோ குஞ்சோ இருக்குன்னுதான். மாசி, பங்குனியில இருந்தே ஆள்காட்டி, மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் வெறுந்தரையில முட்டை வெக்க ஆரம்பிச்சுடும். கொஞ்சம் தள்ளி நெடுங்கால் உள்ளானும் வெக்கும். கூடுன்னு ஒண்ணும் இருக்காது. லேசா ஒரு குழி, ஓரத்துல நாலு பொடிக்கல்லு. முட்டை மண்ணு நிறத்துல கரும்புள்ளியோட இருக்கும், மிதிச்ச பொறவுதான் தெரியும். தாய் எந்திரிச்சுப் போனா ரெண்டு ஆபத்து. பத்து மணி வெயில்ல முட்டை வெந்துடும், காக்காய் பார்த்துட்டே இருக்கும்.

கத்த ஆரம்பிச்சதும் அங்கயே நின்னு, உங்க காலடியைப் பார்த்துட்டு, வந்த தடத்துலயே திரும்புங்க. குறுக்கு வழியாப் போனா இன்னொரு கூட்டை மிதிப்பீங்க. அது ஒரு றெக்கையை இழுத்துட்டு நொண்டற மாதிரி நடிச்சு முன்னால ஓடுனா பின்னாடியே போகாதீங்க, கூட்டை விட்டு உங்களை இழுக்கறதுக்குத்தான் அது. கூடு இருக்கற எடத்தைப் படத்தோடயும் மேப் புள்ளியோடயும் எங்கயும் போட வேண்டாம்.

எவ்வளவு தூரம் விலகுனதும் அது கத்தறதை நிறுத்தி மறுபடி தரையில எறங்குதுன்னு கவனிங்க. அடுத்த வாரமும் அந்தத் தூரத்துலயே நின்னு எண்ணுங்க. உள்ளான் கொஞ்சம் சின்னதாத் தெரியும், அவ்வளவுதான். கலிங்குமேடு சொன்ன டெலஸ்கோப் இதுக்கும் உதவும்.